தமிழ்த்தரவு சார்ந்த மாணவர் திட்டப்பணிகளில் நிரல்மொழியும் கருவிகளும்: எழுத்தலகு நோக்கிலான தெரிவு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நூல்களைத் தரவாகக் கொண்டு சொல்லடைவு, நிகழ்வெண் பட்டியல், தேடுகருவி, அகராதிச் செயலி முதலானவற்றை உருவாக்குவது உயர்கல்வி மாணவர்களின் திட்டப்பணிகளுள் ஒன்றாக அமைகிறது. இத்தகைய பணிகளில் நிரல்மொழியைத் தெரிவு செய்யும்போது மாணவர் முன்னர்க் கற்றது எது, வேலைவாய்ப்பு மிகுந்தது எது என்னும் இரண்டு வினாக்களே முன்நிற்பதுண்டு. தமிழ் எழுத்தை அம்மொழி எவ்வாறு எண்ணுகிறது, எவ்வாறு பிரிக்கிறது, எவ்வாறு வரிசைப்படுத்துகிறது என்னும் வினாக்கள் அவற்றுக்கு முன்னர் எழுப்பப்பட வேண்டியவை. இவ்வினாக்களை எழுப்பாத நிலையில், நிரல் பிழையின்றி இயங்கியும் ஆய்வு முடிவு பிழையாகிவிடுகிறது. இதனைச் சான்றுகளுடன் விளக்கி, பணியின் தன்மைக்கேற்ற மொழியையும் கருவிகளையும் தெரிவு செய்வதற்கான வழிமுறை ஒன்றை இக்கட்டுரை முன்வைக்கிறது.

குறிச்சொற்கள்: தமிழ்க் கணிமை, நிரல்மொழி, ஒருங்குறி, எழுத்தலகு, சொல்லடைவு, மாணவர் திட்டப்பணி.

முன்னுரை

சொல்லடைவு உருவாக்கம் தமிழாய்வுக்குப் புதியதன்று. கணினி வருவதற்கு முன்னரே அட்டைகளில் ஒவ்வொரு சொல்லையும் எழுதி, அவற்றை அகரநிரலாக அடுக்கி, இடச்சுட்டுடன் தொகுத்தளித்த ஆய்வாளர்கள் பலர். அம்முறையில் சொல் எது, எழுத்து எது, எது முன்னர் வரும் என்பனவற்றை முடிவு செய்தவர் தமிழ் அறிந்த ஒருவர். கணினி வழியான பணியில் அம்முடிவுகளின் பெரும்பகுதி நிரல்மொழியிடமும் அதன் நூலகங்களிடமும் சென்று சேர்கிறது. அவற்றை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் இலத்தீன் எழுத்தை மனத்திற்கொண்டு இயல்புநிலை அமைப்புகளை வகுத்துள்ளனர். ஆகவே மொழித் தெரிவு என்பது தமிழ்த்தரவைப் பொறுத்தவரை ஆய்வு முறையியல் சார்ந்த தெரிவாகவும் ஆகிறது.

இதனை விளக்குவதற்குத் திருக்குறள் சொல்லடைவு உருவாக்கம் என்னும் திட்டப்பணி சான்றாகக் கொள்ளப்படுகிறது. 1330 குறள்கள், குறளுக்கு 7 சீர்கள் என 9310 சீர்களைக் கொண்ட இத்தரவு கணினிக்கு மிகச் சிறியது. எந்த நிரல்மொழியும் இதனை நொடிப்பொழுதில் கையாளும். எனவே வேகம் என்னும் அளவுகோல் இங்கு முதன்மை பெறுவதில்லை. சரியாகக் கையாளுதல் ஒன்றே கருதத்தக்கது.

எழுத்தலகும் ஒருங்குறியும்

தமிழ் இலக்கண மரபு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளைக் கணக்கிடுகிறது. 1991ஆம் ஆண்டு வெளிவந்த முதற்பதிப்பிலிருந்தே தமிழுக்கு இடமளித்துள்ள ஒருங்குறியில் இந்த 247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண்கள் இல்லை. 12 உயிர், ஆய்தம், அகரமேறிய 18 மெய், 11 உயிர்க்குறிகள், புள்ளி ஆகிய 43 குறியெண்களைக் கொண்டே அனைத்து எழுத்துகளும் ஆக்கப்படுகின்றன. கிரந்த எழுத்துகளும் எண்களும் குறியீடுகளும் இவற்றுக்குப் புறம்பானவை.

இங்குக் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இலக்கணம் மெய்யை அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் பிறப்பதாகக் கூறுகிறது. ஒருங்குறியோ அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்டு, அதனோடு புள்ளியைச் சேர்த்து மெய்யை ஆக்குகிறது. ‘க்’ என்பது இலக்கணத்தில் ஓர் அடிப்படை அலகு. ஒருங்குறியில் இரண்டு குறியெண்களின் சேர்க்கை. ‘க’ என்பது இலக்கணத்தில் இரண்டன் சேர்க்கை. ஒருங்குறியில் ஒற்றைக் குறியெண். இந்த எதிர்மறை உறவை அறியாத மாணவர், இலக்கண விதியை அப்படியே நிரலாக எழுத முற்படும்போது இடர்ப்படுகிறார்.

ஒரு சொல், மூன்று நீளங்கள்

‘தமிழ்’ என்னும் சொல்லில் த, மி, ழ் என மூன்று எழுத்துகள் உள்ளன. இச்சொல்லின் நீளத்தை நிரல்மொழிகளிடம் வினவினால் மூன்று வகையான விடைகள் கிடைக்கின்றன.

பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை 5 என்கின்றன. த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்னும் ஐந்தையும் அவை தனித்தனியே எண்ணுகின்றன. சி, கோ, ரஸ்ட் ஆகியவற்றில் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அமைந்த சரத்தின் நீளம் 15 எனக் கிடைக்கும். தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் அக்குறியாக்கத்தில் 3 பைட்டுகளைக் கொள்வதே காரணம். ஸ்விஃப்ட் மொழி 3 என்கிறது. அம்மொழி, வாசகர் ஓர் எழுத்தாகக் காணும் தொகுதியைச் சரத்தின் அடிப்படை அலகாகக் கொண்டுள்ளது.

இம்மூன்று விடைகளும் தத்தம் நோக்கில் சரியானவையே. கோப்பின் அளவை அறிய 15 தேவை. குறியாக்கத்தை ஆராய 5 தேவை. சொல்லின் எழுத்து எண்ணிக்கையையோ எழுத்துகளின் நிகழ்வெண்ணையோ ஆராயும் பணிக்கு 3 தேவை. ஈரெழுத்துச் சொற்கள் ஒரு நூலில் எத்தனை எனக் கணக்கிடும் மாணவர், நிரல்மொழி தரும் நீளத்தை அப்படியே ஏற்றால், ‘நூல்’ என்னும் ஈரெழுத்துச் சொல் நான்கெழுத்துச் சொல்லாகிவிடும். பைத்தானில் இக்குறையை நீக்க, ஓப்பன்-தமிழ் என்னும் திறந்தமூல நூலகம் சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இக்கால உலாவிகளில் உள்ள எழுத்துத்தொகுதிப் பகுப்பு வசதி இப்பணியைச் செய்கிறது. ஆயினும் ‘க்ஷ’ என்பதை ஓரெழுத்தாகக் கொள்வதா, க், ஷ என இரண்டாகக் கொள்வதா என்பதைக் கருவி முடிவு செய்ய இயலாது. ஒருங்குறியின் பொது விதி அதனை இரண்டாகவே பிரிக்கும். ஆய்வாளர் தம் கொள்கையை முன்னரே வரையறுத்து, அதனை ஆய்வேட்டில் குறிப்பிட வேண்டும்.

இயல்புநிலை அமைப்பால் நேரும் பிழை

நீளக் கணக்கில் நேரும் பிழையை எளிதில் கண்டறியலாம். சொற்பகுப்பில் நேரும் பிழை அவ்வாறன்று. உரையைச் சொற்களாகப் பிரிப்பதற்கு ரீஜெக்ஸ் எனப்படும் தேடல்வடிவங்கள் பயன்படுகின்றன. அவற்றில் ‘சொல்லில் வரக்கூடிய எழுத்து’ என்பதைக் குறிக்க ஒரு சுருக்கக்குறி உண்டு. அக்குறிக்குள் எவை அடங்கும் என்பதை ஒவ்வொரு மொழியும் வேறுவேறாக வரையறுத்துள்ளது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் அக்குறி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே குறிக்கும். ஜாவாவிலும் இயல்புநிலையில் அவ்வாறே. தமிழ் உரையை அதன்வழித் தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது. வெற்றுப் பட்டியலைக் கண்டதும் மாணவர் பிழையை உணர்ந்து மாற்றுவழி தேடுவார். பைத்தானின் இயல்பான ரீஜெக்ஸ் நூலகத்தில் நிலைமை வேறு. அது தமிழ் உயிர்களையும் அகரமேறிய மெய்களையும் எழுத்தாக ஏற்கிறது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ஆகவே அது ‘தமிழ்’ என்பதைத் ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகளாக்குகிறது.

இதன் விளைவு எந்திரக் கற்றலுக்குப் பரவலாகப் பயன்படும் சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் இன்னும் கடுமையாகிறது. அந்நூலகத்தின் சொல் எண்ணும் கருவி இயல்புநிலையில் மேற்கூறிய குறியையே கையாள்கிறது. அத்துடன் இரண்டு குறியெண்களுக்குக் குறைந்த துண்டுகளை விலக்கிவிடுகிறது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கு சொற்களை அதனிடம் அளித்தால் கிடைப்பவை வருமாறு:

அறம் – ‘அறம’ எனப் புள்ளியிழந்து நிற்கும்.
பொருள் – ப, ர, ள எனச் சிதைந்து, மூன்றும் ஒற்றைக் குறியெண் ஆதலின் முற்றிலும் மறையும்.
இன்பம் – ‘இன’, ‘பம’ என இரண்டாகும்.
வீடு – வ, ட எனச் சிதைந்து மறையும்.

நாற்பொருளில் இரண்டு சுவடின்றி மறைய, ஒன்று இரண்டாகிறது. இதற்கு மாறாக, வேறுவேறு சொற்கள் ஒன்றாகக் கலப்பதும் உண்டு. படி, படு, படை, பட்டு ஆகிய நான்கும் ‘பட’ என்னும் ஒரே வடிவமாகிவிடும். இவ்வாறு பெறப்பட்ட நிகழ்வெண் பட்டியலில் எண்கள் இருக்கும். வரைபடமும் அழகாக அமையும். நிரல் எவ்விதப் பிழைச்செய்தியும் தராது. குறட்பாக்களில் ‘பொருள்’ என்னும் சொல் இடம்பெறவில்லை என்று ஒரு பட்டியல் கூறினால் தமிழாசிரியர் உடனே ஐயுறுவார். நன்கு அறியப்படாத ஒரு நூலைப் பற்றிய பட்டியலில் அத்தகைய ஐயம் எழ வாய்ப்பில்லை. அந்த எண் ஆய்வேட்டிலும், பின்னர் வேறு கட்டுரைகளிலும் மேற்கோளாக நிலைத்துவிடும்.

தரவுத்தளங்களிலும் இச்சிக்கல் உண்டு. சிறிய திட்டப்பணிகளுக்கு ஏற்ற எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் முழுவுரைத் தேடல் வசதி, இயல்புநிலையில் உயிர்க்குறிகளைச் சொல் பிரிக்கும் இடங்களாகக் கருதுகிறது. அதில் ‘வீடு’ என்று தேடினால் வாடை, வேடு ஆகியனவும் விடைகளாக வரும். ‘நூல்’ என்று தேடினால் ‘நிலை’யும் வரும்.

இவை அனைத்துக்கும் தீர்வுகள் உள்ளன. பைத்தானில் இயல்பான நூலகத்துக்கு மாற்றாக ‘ரீஜெக்ஸ்’ என்னும் பெயரிலேயே வழங்கும் தனி நூலகத்தை நிறுவிக்கொண்டால் உயிர்க்குறிகளும் சொல்லின் பகுதியாக ஏற்கப்படும். சைக்கிட்-லேர்னில் சொற்பகுப்பு வடிவத்தை மாணவரே எழுதியளிக்கலாம். எஸ்கியூலைட்டில் குறிகளின் வகையையும் சொல்லெழுத்தாகக் கொள்ளுமாறு பணிக்கலாம். ஜாவாவில் ஒருங்குறி வகைப்பாட்டை ஏற்குமாறு செய்யும் விருப்பத்தேர்வு உண்டு. ஆகவே பைத்தான் தமிழுக்கு ஒவ்வாதது என்பது இதன் பொருளன்று. எம்மொழியைத் தெரிவு செய்தாலும் அதன் இயல்புநிலை அமைப்பு தமிழுக்கு என்ன செய்கிறது என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும் என்பதே கருத்து.

அகரவரிசை

சொல்லடைவின் பயன் அதன் வரிசையில் உள்ளது. நிரல்மொழிகள் பலவும் இயல்புநிலையில் குறியெண்களின் ஏறுவரிசையிலேயே சொற்களை அடுக்குகின்றன. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் இடவரிசை தமிழ் நெடுங்கணக்கோடு முழுமையாகப் பொருந்துவதில்லை. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் லகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. எனவே மயில், மலர், மனம் என அமைய வேண்டியவை மனம், மயில், மலர் என அடுக்கப்படுகின்றன.

புள்ளியின் இடமும் சிக்கலைத் தருகிறது. அதன் குறியெண் உயிர்க்குறிகள் அனைத்துக்கும் பின்னர் உள்ளது. தமிழ் அகராதி மரபில் மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வரும். அதன்படி கண், கணம், கணை என வர வேண்டிய சொற்கள் குறியெண் வரிசையில் கணம், கணை, கண் என்றாகின்றன. இவ்வாறு அமைந்த சொல்லடைவை அகராதியோடு ஒப்பிட்டுப் பயன்படுத்த இயலாது.

ஐசியு எனப்படும் ஒருங்குறி நூலகம் மொழிவாரியான வரிசை விதிகளைக் கொண்டுள்ளது. ஜாவாஸ்கிரிப்ட்டின் மொழிவழி ஒப்பீட்டு வசதியும், ஆர் மொழியின் ஸ்ட்ரிங்கி நூலகமும் அதன் அடிப்படையில் இயங்குபவை. பைத்தானில் அதனைத் தனியே நிறுவிக்கொள்ளலாம். அல்லது ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கில் உரிய வரிசையெண்ணை அளித்து அதன்வழி அடுக்கலாம். இரண்டாவது வழி சில வரிகளில் முடிவதோடு, வரிசைக் கொள்கை எதுவென்று வெளிப்படையாகவும் காட்டுகிறது. கிரந்த எழுத்துகள் எங்கு வரவேண்டும் என்பதையும் அதில் ஆய்வாளரே வரையறுக்கலாம்.

இருவகைக் குறியாக்கமும் புணர்ச்சியும்

‘கொ’ என்னும் எழுத்தை ககரத்துடன் ஒகரக்குறியைச் சேர்த்து இரண்டு குறியெண்களாகவும், ககரம், எகரக்குறி, ஆகாரக்குறி என மூன்று குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இவை வேறுவேறு சரங்கள். பல மூலங்களிலிருந்து திரட்டிய தரவில் ஒரே சொல் இரண்டு இடங்களில் எண்ணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருங்குறி இவற்றை நிகரானவை என வரையறுத்து, ஒரே வடிவாக்கும் இயல்பாக்க முறையையும் வகுத்துள்ளது. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் அதனைத் தம் இயல்பான நூலகங்களிலேயே கொண்டுள்ளன. எனினும் ஔகாரக்குறிக்கு ஈடாகக் கொம்புடன் ளகர எழுத்தைத் தட்டச்சு செய்த பிழையை இயல்பாக்கம் திருத்தாது. ‘கௌ’ என்பதும் ககர எகரமும் ளகரமும் சேர்ந்த ‘கெள’ என்பதும் கண்ணுக்கு ஒத்திருந்தாலும் வேறானவை. இதற்கெனத் தனி விதி எழுதப்பட வேண்டும்.

புணர்ச்சி சார்ந்த பணிகளில் முன்னர்க் கூறிய எதிர்மறை உறவு வெளிப்படுகிறது. பால் + ஆறு = பாலாறு என்பதை இரண்டு சரங்களை இணைக்கும் செயலாக எழுதினால் ‘பால்ஆறு’ என்றே கிடைக்கும். புள்ளியை நீக்கி, ஆகார உயிரை ஆகாரக்குறியாக மாற்றும் படி தேவை. உருபனியல் பகுப்பாய்வியை உருவாக்கும் மாணவர், முதலில் உரை முழுவதையும் மெய், உயிர் என்னும் இலக்கண அலகுகளாகப் பிரித்து, விதிகளை அவற்றின்மேல் செயற்படுத்தி, இறுதியில் மீண்டும் ஒருங்குறி வடிவாக்குவது எளிய வழி. இவ்விரு மாற்றங்களையும் தெளிவாக எழுத இடமளிக்கும் மொழி எதுவும் இப்பணிக்கு ஏற்றதே.

குறட்சொல்லடைவுக்கு இன்னொரு முடிவும் தேவைப்படுகிறது. சீர் என்பது யாப்பலகு, சொல்லன்று. இடைவெளியைக் கொண்டு பிரித்தால் கிடைப்பது சீரடைவே. பதம் பிரித்த பாடத்தை உள்ளீடாகக் கொள்வதா, சீர்களை நிரல்வழிப் பிரிப்பதா என்பதை எந்த நிரல்மொழியும் தீர்த்துவைக்காது. ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய பணியில் பதம் பிரித்த பாடத்தை ஆசிரியர் மேற்பார்வையில் அணியப்படுத்துவதே இயலக்கூடியது.

பணிக்கேற்ற மொழி

மேற்கண்ட செய்திகளின் அடிப்படையில் பணிவகைக்கேற்ற தெரிவைப் பின்வருமாறு வகுக்கலாம்.

நூல்களை ஆராய்ந்து பட்டியலும் எண்ணிக்கையும் பெறும் பணிகளுக்குப் பைத்தான் பொருந்தும். 2008இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அதன் சரங்கள் ஒருங்குறி சார்ந்தவை; தமிழ்க்கென எழுதப்பட்ட நூலகங்களும் உள்ளன; தொடரமைப்பு எளிது. மேற்கூறிய திருத்தங்களை முதல் நாளிலேயே செய்துகொள்வது கட்டாயம். புள்ளியியல் முதன்மை பெறும் பணிகளுக்கு ஆர் மொழி பொருந்தும்.

வாசகர் நேரடியாகப் பயன்படுத்தும் அகராதி, சொல் விளையாட்டு, கற்பித்தல் கருவி ஆகியவற்றுக்கு உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றது. நிறுவல் தேவையில்லை, கைப்பேசியிலும் இயங்கும். எழுத்துருவைச் சரியாக வடிவமைத்துக் காட்டும் பொறுப்பை உலாவியே ஏற்கிறது. இதன் முதன்மையை நிரல்வழிப் படமோ பிடிஎஃப் கோப்போ உருவாக்க முற்படுவோர் அறிவர். எழுத்து வடிவமைப்பு வசதி இல்லாத நூலகங்களில் எகர ஒகரங்களின் கொம்பு எழுத்துக்கு முன்னர் வராமல் பின்னர் வந்து நிற்கும். அந்நிலையில் வெளியீட்டை வலைப்பக்கமாக ஆக்கி, உலாவிவழி அச்சிடுவது நேரத்தைச் சேமிக்கும்.

ஆண்டிராய்டு கைப்பேசியில் இணையமின்றி இயங்க வேண்டிய செயலிக்குக் கோட்லின் அல்லது ஜாவா பொருந்தும். 2019இல் கூகுள் நிறுவனம் ஆண்டிராய்டு உருவாக்கத்தில் கோட்லினுக்கு முன்னுரிமை அறிவித்தது. எனினும் மாணவர் குழுவுக்கு இரண்டுமே புதியனவாயின், அவற்றைக் கற்பதிலேயே பருவத்தின் பெரும்பகுதி கழியும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்வெட்டு, ஓலைச்சுவடி சார்ந்த பணிகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். முந்திரி, காணி, மா முதலான பின்னங்களுக்கும் பழைய அளவைகளுக்கும் உரிய 51 குறியீடுகள் 2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் தமிழ்ப் பிற்சேர்க்கையாக இடம்பெற்றன. இவை வழக்கமான தமிழ்க் கட்டத்துக்கு வெளியே, நான்கு பைட்டுகளைக் கொள்ளும் பகுதியில் உள்ளன. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் இவற்றுள் ஒன்றை நீளம் 2 எனக் கணக்கிடும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பழைய மூன்று பைட்டுக் குறியாக்கத்தில் இவற்றைச் சேமிக்கவே இயலாது.

தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட எழில் என்னும் நிரல்மொழியும் உண்டு. நிரலாக்கத்தின் அடிப்படையைத் தமிழில் கற்பிக்கும் நோக்குடைய மொழி அது. அந்நோக்கிலேயே அதனைப் பயன்படுத்துதல் பொருத்தமானது.

துணைக்கருவிகளும் பணியின் நீடிப்பும்

மாணவர் படிப்பை முடித்துச் சென்றபின் மென்பொருளும் அவருடன் மறைந்துவிடுதல் திட்டப்பணிகளின் பொதுக்குறை. பைத்தானின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1ஆம் நாளுடன் முடிவுற்றது. அப்பதிப்பில் எழுதிய நிரல்களைப் புதுப்பிக்க ஆளில்லாத இடங்களில் அவை பயனற்றுப் போயின. தரவை நிரலோடு பிணைத்துவிடாமல், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் எளிய உரைக்கோப்பாகத் தனியே வைத்திருந்தால், நிரல் பழமையடைந்தாலும் தரவு நிலைக்கும். சிஎஸ்வி கோப்புகளை விரிதாள் மென்பொருளில் நேரடியாகத் திறக்கும்போது குறியாக்கம் தவறாகக் கொள்ளப்பட்டு எழுத்துகள் சிதைந்து தோன்றுவதுண்டு. அச்சிதைவுடன் மீண்டும் சேமித்தால் மூலத்தரவு அழியும். இறக்குமதி வழியாகக் குறியாக்கத்தைக் குறிப்பிட்டுத் திறக்குமாறு மாணவர்களைப் பழக்க வேண்டும்.

பழைய எழுத்துரு சார்ந்த குறியாக்கங்களில் உள்ள கோப்புகள் கிடைத்தால், எக்குறியாக்கம் என்பதை உறுதிசெய்து ஒருங்குறிக்கு மாற்றுவதே முதற்பணி. மாற்றத்துக்கு முந்தைய கோப்பையும் அழிக்காமல் வைத்திருத்தல் நலம்.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி, ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்பதோடு பதிவு செய்கிறது. பாடவேறுபாடுகளைக் குறித்துவைக்கும் பதிப்பு மரபை அறிந்த தமிழாய்வாளருக்கு இதன் பயன் எளிதில் விளங்கும். இக்கருவி வரிவாரியாக வேறுபாட்டைக் காட்டுவதால், ஒரு வரியில் ஒரு குறளடி என்னும் முறையில் கோப்பை அமைத்தால் திருத்தங்களைத் துல்லியமாகக் காணலாம். பயன்படுத்திய நூலகங்களின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஒரு கோப்பில் எழுதிவைப்பதும், மென்பொருளுக்கு உரிமக் குறிப்பு இணைப்பதும் பிறர் அதனைத் தொடர வழிசெய்யும்.

தெரிவுக்கு முந்தைய சோதனை

மொழியையும் நூலகங்களையும் உறுதிசெய்வதற்கு முன்னர் ஒரு சிறு சோதனையை நடத்துமாறு நெறியாளர் மாணவரைப் பணிக்கலாம். விடை முன்னரே தெரிந்த சில சொற்களை அளித்து, கருவி தரும் விடையை ஒப்பிடுவதே அச்சோதனை.

1. ‘தமிழ்’ என்பதன் எழுத்தெண்ணிக்கை 3 எனக் கிடைக்கிறதா?
2. அறம், பொருள், இன்பம், வீடு ஆகியன நான்கு முழுச்சொற்களாகப் பிரிகின்றனவா?
3. படி, படு, படை, பட்டு ஆகியன வேறுவேறு சொற்களாக எண்ணப்படுகின்றனவா?
4. இருவகையாகக் குறியாக்கப்பட்ட ‘கொ’ ஒன்றாகக் கொள்ளப்படுகிறதா?
5. மயில், மலர், மனம் ஆகியனவும் கண், கணம், கணை ஆகியனவும் இவ்வரிசையிலேயே அமைகின்றனவா?
6. ‘வீடு’ என்னும் தேடலுக்கு ‘வாடை’ வராமல் இருக்கிறதா?
7. வெளியீட்டில் கெ, கொ ஆகியவற்றின் கொம்பு உரிய இடத்தில் நிற்கிறதா?

இச்சோதனைக்கு ஒரு பிற்பகல் போதும். இவ்வினாக்களை நிரலின் ஒரு பகுதியாகவே எழுதிவைத்து, நூலகம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இயக்கிப் பார்த்தால் பின்னர் நேரும் பிழைகளும் வெளிப்படும். நிரலாக்கம் அறியாத தமிழ்ப் பேராசிரியரும் இவ்விடைகளைக் கொண்டு திட்டப்பணியின் நம்பகத்தன்மையை மதிப்பிடலாம். வாய்மொழித் தேர்வில் வினவத்தக்க வினாக்களாகவும் இவை அமைகின்றன.

வேலைவாய்ப்பு நோக்கு

திட்டப்பணி மாணவரின் எதிர்காலத்துக்கு உதவ வேண்டும். ஆகவே தொழில்துறையில் வழங்கும் மொழியையே தெரிவு செய்ய வேண்டும் என்னும் கருத்து புறக்கணிக்கத்தக்கதன்று. மாணவருக்கு முன்னரே பழகிய மொழி ஒன்றிருந்தால், சோதனையில் காணும் குறைகளை அம்மொழியிலேயே திருத்த இயலுமாயின், அதனையே தொடர்வது நன்று. மேற்கண்ட குறைகளுள் பெரும்பாலானவை பரவலாக வழங்கும் மொழிகளில் திருத்தக்கூடியவையே. எனவே எழுத்தலகு நோக்கும் வேலைவாய்ப்பு நோக்கும் முரண்படுபவை அல்ல. வரிசையில் முதலாவது எது என்பதே வினா. குறியாக்கம், இயல்பாக்கம், வரிசைப்படுத்தல் பற்றிப் பெற்ற அறிவு, மொழி மாறினாலும் மாணவருடன் செல்லும். பன்மொழி மென்பொருள் உருவாக்கும் எந்தப் பணியிடத்திலும் அவ்வறிவுக்குத் தேவை உண்டு.

முடிவுரை

தமிழ்த்தரவு சார்ந்த மாணவர் திட்டப்பணியில் எந்த நிரல்மொழி சிறந்தது என்னும் வினாவுக்குப் பொதுவான விடை இல்லை. ஆய்வு வினா எந்த அலகைக் கேட்கிறது, அவ்வலகைக் கருவி எவ்வாறு கையாள்கிறது, கையாளாத இடத்தில் அதனைத் திருத்த இயலுமா என்னும் மூன்று வினாக்களின் விடையே மொழியைத் தீர்மானிக்கிறது. வெளிப்படையாகத் தோல்வியுறும் கருவியைவிட, பாதி சரியாக இயங்கிப் பிழையை மறைக்கும் கருவி ஆய்வுக்குத் தீங்கு விளைப்பது என்பது சொற்பகுப்புச் சான்றுகளால் அறியப்படுகிறது. விடை தெரிந்த சொற்களைக் கொண்ட முன்சோதனை, எளிய உரைவடிவிலான தரவு, மாற்றங்களின் பதிவு, எழுத்துக் கொள்கையின் வெளிப்படையான வரையறை ஆகிய நான்கும் எம்மொழிக்கும் பொதுவானவை. எழுத்து எது, சொல் எது என்னும் முடிவு தமிழறிந்தவரிடமே இருக்க வேண்டும். அம்முடிவை நிறைவேற்றும் பணி மட்டுமே கருவிக்கு உரியது. தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரே திட்டப்பணிக்கு இணைந்து நெறிகாட்டும்போது இது எளிதில் கைகூடும்.